ஹுலியாய்போலே உழவர்களுக்கு அரசு எதற்கு?

எனக்கு வந்த இந்தக் கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. ரஷ்யப் புரட்சிக் காலத்தில் உக்ரைனில் நெஸ்தர் மக்னோவின் பின்னால் திரண்ட உழவர்கள் நிஜமாகவே அரசு வேண்டாம் என்ற கொள்கைக்காரர்களா, இல்லை ஒரு கொள்ளைக்கூட்டத்துக்குப் பிற்பாடு யாரோ கொள்கைச் சாயம் பூசிவிட்டார்களா என்பது ஒன்று. லெனினின் போல்ஷெவிக் ஆட்சியை எதிர்த்த வெள்ளைப் படைக்கு எதிராக, அந்த ஆட்சியின் செம்படையோடு சேர்ந்து நின்றவர்களை அந்தச் செம்படையே ஏன் ஒழித்துக்கட்டியது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

முதலில் ஒரு சொல் தகராறு. தமிழில் இவர்களை 'அராஜகவாதிகள்' என்று எழுதுவது வழக்கம். அரசன் இல்லாத நிலை என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். ஆனால் செய்தித்தாளில் 'ரவுடிகள் அராஜகம்' என்று படித்துப் படித்து, அந்தச் சொல்லைக் கேட்டதுமே உடைந்த பேருந்துக் கண்ணாடிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. பாதி வழக்கு அங்கேயே தோற்றுவிடும். அதனால் அரசின்மைவாதம் என்றே எழுதுகிறேன். சோவியத் அதிகாரபூர்வ வரலாறு மக்னோவுக்குக் கொடுத்த பட்டங்கள் 'கொள்ளையன்', 'குலாக்குகளின் ஆள்', அதாவது பணக்கார உழவர்களின் கையாள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு மறுதரப்பைக் கேட்க வாய்ப்பு குறைவு. மேற்கத்திய அரசின்மைவாதிகள் எழுதியதைப் படித்தால் இதற்கு நேர் எதிர்: மக்னோ ஒரு குறையும் இல்லாத புனிதர். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஊருக்குப் போவோம்.

ஹுலியாய்போலே இன்றைய தென்கிழக்கு உக்ரைனில், சப்பரீஷியா பகுதியில் இருக்கிறது. அப்போது எகத்தெரினஸ்லாவ் மாகாணம். கறுப்பு மண் பூமி, கோதுமை விளையும் புல்வெளி. அந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய நினைவும் உண்டு. யாருக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்த சப்பரோஷிய கொசாக்குகளின் கோட்டையை 1775இல் மகாராணி கேத்தரீன் தரைமட்டமாக்கியது இங்கேதான். அதற்கப்புறம் நிலம் பிரபுக்களுக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களுக்கும் போனது. அப்படி வந்தவர்களில் ஜெர்மன் மொழி பேசிய மென்னனைட் கிறித்தவர்கள் முக்கியமானவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது உழவனுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. தன் பாட்டன் உழுத நிலத்துக்கே தவணை முறையில் மீட்புப் பணம் கட்ட வேண்டும். 1907இல் அது நிறுத்தப்படும்வரை இரண்டு தலைமுறை கட்டியது. நல்ல நிலம் பண்ணையார் கையிலேயே இருக்க, அதை அவரிடமே குத்தகைக்கு எடுத்து உழுதார்கள். இதோடு இன்னொன்றும் இருந்தது. மேய்ச்சல் நிலம், வரிப் பங்கீடு, ஊர்ச் சண்டை போன்ற பல விஷயங்களை ஊர்க்கூட்டமே பேசி முடித்தது. ரொம்பவும் அழகுபடுத்த வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பேசியவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள்தான், குரல் பெரிதாக இருந்தவன் ஜெயித்த நாட்களும் உண்டு. ஆனாலும் அரசாங்கம் என்பது உழவனின் கண்ணுக்கு மூன்று உருவத்தில் மட்டுமே தெரிந்தது: வரி கேட்க வருபவர், பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போக வருபவர், பண்ணையார் கூப்பிட்டால் சவுக்கோடு வருபவர். அரசு இல்லாமல் ஊர் எப்படி நடக்கும் என்று பட்டணத்துப் படிப்பாளி கேட்கலாம். இந்த உழவனுக்கு அது கேள்வியே இல்லை. அரசு இல்லாத நாட்களில்தான் அவன் ஊர் ஒழுங்காக நடந்தது.

இதுதான் என் பதிலின் மையம். மக்னோவின் உழவர்களில் பெரும்பாலானோர் பகுனின், குரொப்போத்கின் போன்ற அரசின்மைவாதச் சிந்தனையாளர்களைப் படித்தவர்கள் இல்லை. கேட்டதெல்லாம் நிலம், அப்புறம் தலைக்கு மேல் ஆள் இல்லாத வாழ்க்கை. அந்த ஆசைக்குப் பெயரும் அமைப்பும் கொடுத்தவர்கள் அந்த ஊரிலேயே பிறந்த கைப்பிடியளவு அரசின்மைவாதிகள். வெளியிலிருந்து வந்து கொள்கை போதித்திருந்தால் இந்த அளவுக்கு வேர் பிடித்திருக்காது.

மக்னோ 1888இல் அந்த ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். சின்ன வயதிலேயே மாடு மேய்த்தார், பண்ணையில் கூலிக்குப் போனார், வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தார். 1906இல் உள்ளூர் அரசின்மைவாதக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு செய்தது பெரும்பாலும் பணக்காரர்களையும் அஞ்சல் வண்டிகளையும் கொள்ளையடிப்பது, போலீசோடு துப்பாக்கிச் சண்டை. அதை அவர்களே மறைக்கவில்லை. 1910இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். வயது குறைவு என்பதால் ஆயுள் கடுங்காவலாக மாறியது. மாஸ்கோவின் புத்திர்க்கி சிறையில் பல வருடம். அங்கேதான் பியோத்தர் அர்ஷீனவ் என்ற படித்த தொழிலாளி அறிமுகமானார். படிப்பும் கொள்கையும் அவர் வழியாக வந்தன, காசநோய் சிறை வழியாக வந்தது. 1917 பிப்ரவரிப் புரட்சி சிறைக் கதவைத் திறந்துவிட்டதும் நேரே ஊருக்கு ரயில் ஏறினார்.

1917இல் ஹுலியாய்போலேயில் நடந்ததைத்தான் நான் எப்போதும் முதலில் எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் அப்போது சண்டை இன்னும் வரவில்லை. உழவர் சங்கம், பிறகு ஊர் சோவியத் (மக்கள் மன்றம்), இரண்டுக்கும் மக்னோ தலைவர். கோடையிலேயே பண்ணையார்களுக்குக் குத்தகை கட்டுவதை நிறுத்தினார்கள். இலையுதிர் காலத்தில் பண்ணையார்களிடமிருந்து நில ஆவணங்களை வாங்கி, நிலத்தைப் பங்கிட்டார்கள். பெட்ரோகிராடில் லெனினின் நில ஆணை வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. முக்கியமான விஷயம், பண்ணையாரை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்பது அப்போதைய முடிவு இல்லை. அவருக்கும் மற்றவர்களைப் போல உழுகிற அளவுக்கு ஒரு பங்கு. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பண்ணை வீடுகளில் கூட்டுப்பண்ணைகள் அமைத்தார்கள். நூறிலிருந்து முந்நூறு பேர்வரை, பொதுச் சமையல், பொது வேலை. மக்னோவும் வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஒன்றில் வயல் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். பொக்ரோவ்ஸ்கே என்ற ஊர்ப் பக்கம் இருந்த பண்ணைக்கு ரோசா லக்சம்பர்க் பெயர். ஆனால் கூட்டுப்பண்ணைக்குப் போனவர்கள் சிறுபான்மைதான். பெரும்பாலான உழவர்கள் பிரித்துக்கொண்ட நிலத்தைத் தன் குடும்பத்தோடு உழுவதையே விரும்பினார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஸ்டாலின் காலத்தில் கூட்டுப்பண்ணை எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் எடை புரியும்.

இன்னொரு சம்பவம். மாஸ்கோ நெசவாலைத் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு இல்லை, ஹுலியாய்போலேக்காரர்களுக்குத் துணி இல்லை. சரி, நேராகவே மாற்றிக்கொள்வோம் என்று இங்கிருந்து ரயிலில் மாவு போனது, அங்கிருந்து துணி புறப்பட்டது. நடுவில் அரசாங்க அதிகாரிகள் துணியை மறித்தார்கள்: அனுமதி இல்லாமல் நீங்களாக எப்படி வியாபாரம் பண்ணலாம்? ஊர் கொதித்தது. கடைசியில் துணி வந்து சேர்ந்தது என்கிறார் மக்னோ தன் நினைவுக்குறிப்பில். ஆலைத் தொழிலாளிக்கும் உழவனுக்கும் நடுவில் யார் உட்கார்வது என்பதுதான் பிரச்சினை. பின்னால் வந்த எல்லாச் சண்டையும் இந்தத் துணி மூட்டைக்குள்ளேயே இருந்தது.

1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்க் உடன்படிக்கையில் போல்ஷெவிக்குகள் உக்ரைனை ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த இரு நாடுகளுக்கும் தேவை கோதுமை. ஏப்ரல் கடைசியில் ஸ்கொரொபாட்ஸ்கி என்ற தளபதியை 'ஹெட்மன்' என்று பட்டம் சூட்டி உட்கார வைத்தார்கள். பண்ணையார்கள் ராணுவத் துணையோடு திரும்பி வந்தார்கள், நிலத்தோடு நிற்காமல் நஷ்டஈடும் கேட்டார்கள். சவுக்கடி, தூக்கு. போரில் ஊனமாகித் திரும்பியிருந்த மக்னோவின் அண்ணனைச் சுட்டுக் கொன்றார்கள், அம்மாவின் வீட்டைக் கொளுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில் மக்னோ ஊரில் இல்லை, உதவி தேடி ரஷ்யாவுக்குப் போயிருந்தார். 1918 ஜூனில் மாஸ்கோவில் வயோதிகர் குரொப்போத்கினைச் சந்தித்தார், பிறகு கிரெம்ளினில் லெனினையும். லெனினோடு நடந்த பேச்சை மக்னோ மட்டுமே எழுதி வைத்திருக்கிறார், ஆகவே அது ஒருதரப்புச் சாட்சி. இருந்தாலும் சுவையான சாட்சி. "எல்லா அதிகாரமும் சோவியத்துகளுக்கே" என்ற முழக்கத்தை உங்கள் பக்கத்து உழவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று லெனின் கேட்கிறார். எல்லா விஷயத்திலும் உழைப்பவர்களே முடிவெடுக்க வேண்டும், அதற்கு மேலே யாரும் கிடையாது என்று நேரடியாகவே புரிந்துகொண்டார்கள் என்கிறார் மக்னோ. அப்படியானால் உங்கள் உழவர்களுக்கு அரசின்மைவாதம் தொற்றியிருக்கிறது என்கிறார் லெனின். அது கெட்டதா என்று இவர் திருப்பிக் கேட்கிறார். அந்த ஒரு முழக்கத்தை லெனின் ஒரு கட்சி ஆட்சிக்கு வருவதற்கான வழியாகப் பார்த்தார். ஊர்க்காரன் அதில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான்.

போலிக் கடவுச்சீட்டோடு மக்னோ ஊர் திரும்பினார், அதற்கு உதவியவர்களும் போல்ஷெவிக்குகளே. செப்டம்பர் கடைசியில் தீப்ரிவ்கா காட்டுக்குள் சில பத்துப் பேரோடு சிக்கிக்கொண்டார். வெளியே பலமடங்கு பெரிய ஆஸ்திரியப் படை. இருட்டில் ஊருக்குள் புகுந்து அடித்துத் துரத்தினார். அன்றைக்குத்தான் உடனிருந்தவர்கள் அவரை 'பாட்கோ' என்று அழைத்தார்களாம். உக்ரைன் மொழியில் அப்பா. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை! தலைவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் தலைவனே வேண்டாம் என்ற இயக்கத்துக்கு ஓர் 'அப்பா' எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். எழுந்ததாகத் தெரியவில்லை.

மக்னோ படையின் அடையாளம் தச்சாங்கா. வில் வைத்த இலகுவான குதிரை வண்டி, அந்த வட்டார ஜெர்மன் குடியேறிகளிடம் நிறைய இருந்தது. அதன் பின்பக்கம் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்திவிட்டால் நகரும் கொத்தளம் தயார். காலாட்படையும் நடக்காமல் வண்டியிலேயே போகும், ஒரே நாளில் 60, 70 கிலோமீட்டர். ஊருக்கு ஊர் களைத்த குதிரையைக் கொடுத்துவிட்டுப் புதுக் குதிரை வாங்கிக்கொள்வார்கள். தோற்கிற மாதிரி இருந்தால் துப்பாக்கியை வைக்கோலுக்குள் புதைத்துவிட்டு வயலில் இறங்கிவிடலாம். துரத்தி வருகிற சிப்பாய்க்கு எதிரில் இருப்பது உழவனா போராளியா என்று தெரியாது. இரண்டும் ஒரே ஆள்.

1918 நவம்பரில் ஜெர்மனி சரண். ஹெட்மன் ஆட்சி சரிந்தது. தெற்கிலிருந்து தெனீகினின் வெள்ளைப் படை, வடக்கிலிருந்து செம்படை, மேற்கில் பெத்லியூராவின் உக்ரைன் தேசியவாதிகள். 1919 தொடக்கத்தில் மக்னோ செம்படையோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். படை அவருடையதாகவே இருக்கும், பெயர் மட்டும் செம்படையின் ஒரு பிரிகேட், ஆயுதம் அங்கிருந்து வரும். தெனீகினிடமிருந்து கைப்பற்றிய கோதுமையைச் சுமார் நூறு ரயில் பெட்டிகளில் பட்டினியிலிருந்த மாஸ்கோ, பெட்ரோகிராடு தொழிலாளர்களுக்கு அனுப்பினார்கள். மாஸ்கோ பத்திரிகைகள் அப்போது அவரைப் புகழ்ந்தன.

பின்னணியில் ஊராட்சி நடந்துகொண்டிருந்தது. 1919 ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல் என்று மூன்று வட்டார மாநாடுகள். ஏப்ரல் 10 மாநாட்டுக்கு 72 வட்டங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். இருபது லட்சம் மக்களின் சார்பில் பேசுகிறோம் என்றார்கள். செம்படைத் தளபதி திபெங்க்கோ அந்த மாநாட்டை எதிர்ப்புரட்சி என்று அறிவித்துத் தந்தி அனுப்பினார். மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய பதில் நீளமானது, நக்கலும் கோபமும் கலந்தது. சாரம் இதுதான்: புரட்சியை நடத்திய மக்கள் கூடிப் பேச, தன்னைப் புரட்சியாளன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் அனுமதி எதற்கு?

இதற்கு நடுவில் உக்ரைன் ஊர்களில் போல்ஷெவிக்குகள் இரண்டு தவறு செய்தார்கள். தவறு என்பது என் கணிப்பு, அவர்களுக்கு அது நிர்ப்பந்தமாகத் தெரிந்திருக்கலாம். பெரிய பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்காமல் பலவற்றை அரசுப் பண்ணைகளாக மாற்றினார்கள். நகரங்களுக்குச் சோறு போட, ஆயுதக் குழுக்களை அனுப்பித் தானியத்தைப் பறித்தார்கள். உழவனின் பார்வையில் பண்ணையார் போய் அதே இடத்தில் கமிசார் என்ற அரசு அதிகாரி வந்து உட்கார்ந்தார். 1919இல் உக்ரைன் முழுக்க நூற்றுக்கணக்கான கிராமக் கலகங்கள் வெடித்தன. எல்லாமும் மக்னோ வகை இல்லை. கிரிகோரியெவ் என்ற செம்படைத் தளபதி மே மாதம் கலகம் செய்து, எலிசவேத்கிராடில் யூதர்களைக் கொன்று குவித்தார். அவரோடு மக்னோ சிறிது காலம் கூட்டுப் பேச்சு நடத்தினார், பிறகு ஜூலை 27 அன்று ஒரு பொதுக்கூட்டத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றது மக்னோவின் ஆட்கள்.

ஜூன் மாதம் நான்காவது மாநாட்டுக்கு அழைப்பு போனது. செம்படையின் தலைவர் திரோத்ஸ்கி அதைத் தடை செய்தார், கலந்துகொள்வது துரோகம் என்று ஆணை பிறப்பித்தார், மக்னோ சட்டத்துக்குப் புறம்பானவர் ஆனார். அவருடைய தலைமையகத்தைச் சேர்ந்த சிலரைச் செம்படை பிடித்துச் சுட்டது. தெனீகின் முன்னேறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது. முன்னால் வெள்ளைப் படை, பின்னால் செம்படை. அறுநூறு கிலோமீட்டர் மேற்கே பின்வாங்கினார்கள், குடும்பங்களும் காயம்பட்டவர்களும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் கூடவே.

செப்டம்பர் 26, உமான் நகரத்துக்குப் பக்கத்தில் பெரெகோனிவ்கா என்ற கிராமம். சுற்றி வளைக்கப்பட்ட நிலையில் விடியற்காலை சண்டை ஆரம்பித்தது. மக்னோ தன் குதிரைப்படையோடு இரவே காணாமல் போயிருந்தார். ஊருக்குள் எழுத்தர்கள்கூடத் துப்பாக்கி எடுக்க வேண்டிய கட்டத்தில், பக்கவாட்டிலிருந்து வந்து விழுந்தார். வெள்ளைப் படையின் அதிகாரிகள் படைப்பிரிவு ஒன்று சின்யூகா ஆற்றங்கரையில் அழிந்தது. அதன் பிறகு தெனீகினின் முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. சில வாரங்களுக்குள் அலெக்சாந்திரவ்ஸ்க், பெர்தியான்ஸ்க், மரியுப்போல், எகத்தெரினஸ்லாவ். பெர்தியான்ஸ்கில் வெடிமருந்துக் கிடங்கு போனது, ரயில் பாதைகள் அறுந்தன. தெனீகின் அப்போது ஒர்யோலைப் பிடித்து மாஸ்கோவை நோக்கி வந்துகொண்டிருந்தார், பின்பக்கத்தைக் காக்கப் படைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மாஸ்கோவைக் காப்பாற்றியது மக்னோதான் என்று சொல்வது மிகை. வடக்கில் செம்படையின் அடியும் கடுமையானது. அவருக்கு அதில் பங்கே இல்லை என்பது அதைவிடப் பெரிய மிகை.

கிராமத்தில் பிறந்த இந்த இயக்கத்தின் கையில் இப்போது நகரங்கள் இருந்தன. இங்கேதான் தடுமாறியது. பேச்சுரிமை கொடுத்தார்கள். போல்ஷெவிக் பத்திரிகைகூட வெளிவந்தது. ஆனால் புரட்சிக் குழு என்ற பெயரில் ஆட்சியமைக்கக் கூடாது, போய் ஒழுங்காக ஒரு தொழில் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புழக்கத்தில் இருந்த எல்லா அரசுகளின் நோட்டும் செல்லும் என்றார்கள், விலைவாசி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரயில்வே தொழிலாளர்கள் சம்பளம் கேட்டபோது, ரயிலை நீங்களே நடத்துங்கள், பயணிகளிடம் நீங்களே கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஊர்க்காரனின் கணக்கு அது: மாவு கொடு, துணி வாங்கு. உருக்காலைத் தொழிலாளிக்கு விற்க என்ன இருக்கிறது? எங்கோ தொலைவிலிருந்து நிலக்கரி வந்தால்தான் அவன் உலை எரியும். அந்த நிலக்கரி எப்படி வரும் என்பதற்கு ஹுலியாய்போலேயில் யாரிடமும் விடை இல்லை.

அக்டோபர் கடைசியில் அலெக்சாந்திரவ்ஸ்கில் ஒரு மாநாடு கூடியது. மக்னோ இயக்கத்தின் இராணுவப் புரட்சி மன்றத்தின் தலைவராக இருந்த வோலின் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். மது அருந்துவதற்கு எதிராக நகரெங்கும் சுவரொட்டி ஒட்டிய நகரக் காவல் தளபதியே குடித்துவிட்டு ஆடியதாக ஒரு பிரதிநிதி புகார் சொன்னார். மாநாடு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அவர் வந்து ஒப்புக்கொண்டார்: நான் சண்டைக்காரன், இந்த மேசை வேலை எனக்கு ஒத்துவரவில்லை, சலிப்பில் குடித்தேன், என்னை முன்னணிக்கே அனுப்பிவிடுங்கள். அனுப்பிவிட்டார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். சண்டைக்காரரை ஊர்க்கூட்டம் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது. அதே மாநாட்டில் மக்னோ தன்னை எதிர்த்த மென்ஷெவிக் என்ற மிதவாத சோஷலிஸ்ட் கட்சியின் தொழிலாளர் பிரதிநிதிகளை முதலாளிகளின் கையாட்கள் என்று திட்டி, அவர்கள் வெளிநடப்பு செய்ததும் நடந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கறுப்புப் பக்கத்துக்கு வருவோம். ஆள் சேர்ப்பை 'தன்னார்வக் கட்டாயச் சேர்ப்பு' என்ற பொருளில் அழைத்தார்கள். பெயரிலேயே சங்கடம் தெரிகிறது. உளவுப் பிரிவு ஒன்று இருந்தது, லெவ் சாதவ் அதன் முக்கியமான ஆள். விசாரணை, தண்டனை எல்லாம் அங்கேயே. யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை. அவர்மேல் புகார்கள் வந்து விசாரணைக் குழுவும் போட்டார்கள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. (அந்த சாதவ் பின்னாளில் சோவியத் உளவுத்துறையிலேயே வேலை பார்த்து, 1938இல் அவர்களாலேயே சுடப்பட்டார். இந்தக் கதையில் அபத்தத்துக்குப் பஞ்சமில்லை.) தளபதிகளைச் சிப்பாய்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பது விதி. மேல்மட்டத்தில் பல நியமனங்கள் மக்னோவின் வாயிலிருந்தே வந்தன. குடியும் இருந்தது, மக்னோவும் குடித்தார்.

மென்னனைட்டுகள் விஷயம் எல்லாவற்றையும்விட மோசம். வன்முறை கூடாது என்பது அவர்கள் மதக் கொள்கை, ஆனால் நல்ல நிலமும் செல்வமும் அவர்களிடம் இருந்தன. 1918இல் ஜெர்மன் படையின் உதவியோடு சிலர் ஆயுதக் காவற்படை அமைத்தார்கள். பண்ணையார்கள் திரும்பி வந்தபோது அவர்களில் சிலர் யாருக்குத் துணை நின்றார்கள் என்பதைப் பக்கத்து ஊர் உழவர்கள் மறக்கவில்லை. 1919 அக்டோபர், நவம்பரில் பழி தீர்த்தார்கள். ஐக்கன்ஃபெல்ட் என்ற ஊரில் ஒரே இரவில் 80 பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். அதிலே மத போதகர்களும் இருந்தார்கள். காரணம் சொல்லிப் பார்க்கலாம், நியாயம் சொல்ல முடியாது.

யூத எதிர்ப்புக் குற்றச்சாட்டு வேறு. அது பெரும்பாலும் நிற்கவில்லை. வோலின் உட்பட இயக்கத்தின் பல முக்கியமான ஆட்கள் யூதர்கள், யூத விவசாயக் குடியிருப்புகளுக்குத் தற்காப்புக்கு ஆயுதம் கொடுத்தார்கள். 1919 மே மாதம் அப்படிப்பட்ட குடியிருப்பு ஒன்றில் சிலர் கொலை செய்தபோது மக்னோ படை விசாரித்து அவர்களைச் சுட்டது. அந்த ஆண்டு உக்ரைனில் ஏறக்குறைய எல்லாப் படைகளும் ரத்தக் கையோடு திரிந்தன. அந்தப் பின்னணியில் தலைமையின் நிலைப்பாடு தெளிவாகவே இருந்தது.

1919 குளிர்காலத்தில் டைபஸ் காய்ச்சல் படையில் பெரும்பகுதியைப் படுக்க வைத்தது. செம்படை திரும்பி வந்தது. போலந்து எல்லைக்குப் போ என்று உத்தரவு போட்டது, மக்னோ மறுத்தார். ஊரை விட்டு இந்தப் படையைக் கிளப்பினால் அது படையாகவே இருக்காது என்பது இருவருக்குமே தெரியும், உத்தரவின் நோக்கமும் அதுதான். 1920 முழுக்க ஊர் ஊராக வேட்டை. மக்னோ ஆட்களுக்குச் சோறு போட்டவர்களையெல்லாம் சுட்டார்கள், இவர்கள் பிடிபட்ட கமிசார்களையும் தானியம் பறிக்க வந்தவர்களையும் சுட்டார்கள்.

அக்டோபரில் கடைசி ஒப்பந்தம். கிரிமியாவில் ராங்கெல் தலைமையில் மிச்சமிருந்த வெள்ளைப் படையை முடிக்க மறுபடியும் மக்னோ தேவைப்பட்டார். அவர் கேட்டது, தங்கள் பகுதியில் தன்னாட்சி. அந்த ஒரு ஷரத்தை மட்டும் மாஸ்கோவைக் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டார்கள். செமென் கரெத்னிக் தலைமையில் மக்னோ படை நவம்பர் 7-8 இரவில் சிவாஷ் என்ற உப்பேரியைச் செம்படையோடு சேர்ந்து கடந்தது, கிரிமியா விழுந்தது. நவம்பர் 26 அன்று, வெற்றி கிடைத்துப் பத்து நாள் அளவிலேயே, செம்படை மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் பாய்ந்தது: கிரிமியாவில் கரெத்னிக்கின் படை, ஹுலியாய்போலே, கார்கிவில் இருந்த அரசின்மைவாத அலுவலகங்கள். கரெத்னிக் கொல்லப்பட்டார். கிரிமியாவுக்குப் போன ஆயிரத்து ஐந்நூறு குதிரை வீரர்களில் திரும்பியவர்கள் 250 பேர் அளவில் என்று அர்ஷீனவ் எழுதுகிறார்.

'ஏன் அழித்தார்கள்' என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? துரோகம் என்று ஒரு வார்த்தையில் முடிப்பது எளிது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் உழவன் கையிலிருக்கும் தானியத்தை யார் எந்த விலைக்கு எடுப்பது என்பதுதான் தகராறு. நகரத்தையும் படையையும் காப்பாற்ற அந்தத் தானியம் மாஸ்கோவுக்கு வேண்டும். தானியம் வேண்டுமானால் பதிலுக்குத் துணியும் கலப்பையும் கொண்டு வா, இல்லாவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டாதே என்று துப்பாக்கியோடு சொல்லும் ஒரு வட்டாரத்தை எந்த மைய அரசும் நீண்ட நாள் விட்டு வைக்காது. மக்னோ ஆட்சியமைக்க ஆசைப்பட்டிருந்தால் அவரோடு பேரம் பேசியிருக்கலாம். ஆட்சியே வேண்டாம் என்பவரோடு எதைப் பேரம் பேசுவது?

படையைவிட ஆழமாக வெட்டியவை இரண்டு சட்டங்கள். 1920இல் போல்ஷெவிக்குகள் நிலக் கொள்கையை மாற்றினார்கள். பண்ணை நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, ஏழை உழவர் குழுக்களை ஊர்தோறும் அமைத்து, ஊரை இரண்டாகப் பிரித்தார்கள். 1921 மார்ச்சில் தானியப் பறிப்பை நிறுத்தி, குறிப்பிட்ட அளவு வரி கட்டினால் மிச்சத்தை விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். ஏழு வருடமாகச் சண்டையும் அடியும் பட்டுக் களைத்த உழவனுக்கு இது போதும் என்று பட்டது. குதிரை மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் போனபோது தச்சாங்கா நின்றுபோனது. 1921 ஆகஸ்ட் 28 அன்று மக்னோ, உடம்பெல்லாம் காயத்தோடு, 77 பேருடன் நீஸ்தர் ஆற்றைக் கடந்து ருமேனியாவுக்குள் போனார்.

அந்தச் சலுகையைப் போல்ஷெவிக்குகள் சும்மா கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் தம்போவ் மாகாணத்தில் அந்தோனவ் தலைமையில் பல்லாயிரம் உழவர்கள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள். அதை அடக்க 1921 ஜூனில் காடுகளில் நச்சு வாயு பயன்படுத்தச் செம்படைத் தளபதி துகச்செவ்ஸ்கி உத்தரவிட்டார். குரோன்ஷ்டாட் கடற்படைத் தளம் மார்ச்சில் கலகத்தில் எழுந்தது. சைபீரியாவின் அல்தாய் பகுதியில், கோல்சாக்கின் வெள்ளைப் படைக்கு எதிராகப் போராடிய கிரிகோரி ரோகவ் என்பவரின் ஆட்கள் 1920இல் போல்ஷெவிக்குகளுக்கு எதிராகவும் திரும்பினார்கள், அங்கேயும் அரசின்மைவாதிகள் இருந்தார்கள். ஆனால் இவற்றையெல்லாம் ஒரே பெயரில் கட்டிவிடக் கூடாது. அந்தோனவ் சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சியிலிருந்து வந்தவர், அவர்கள் இயக்கம் கேட்டது அரசியல் நிர்ணய சபை. அரசே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு வட்டாரத்தைச் சில மாதங்களாவது அப்படி நடத்திப் பார்த்தவர்கள் ஹுலியாய்போலேக்காரர்கள் மட்டும்தான்.

மக்னோவின் மனைவி ஹலீனா குஸ்மெங்கோ, ஊர்ப் பள்ளி ஆசிரியை. மகள் 1922இல் வார்சாவில், தாய் சிறையிலிருந்தபோது பிறந்தாள். பாரிசில் மக்னோ தொழிற்சாலையிலும் நாடக அரங்கிலும் கூலி வேலை பார்த்தார், பழைய தோழர்களோடு ஓயாமல் சண்டை போட்டார், 1934 ஜூலையில் காசநோயால் இறந்தார். அஸ்தி பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மனைவியையும் மகளையும் சோவியத் அதிகாரிகள் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். அர்ஷீனவ் தானாகவே சோவியத் நாட்டுக்குத் திரும்பி, 1930களின் களையெடுப்பில் செத்தார்.

ஹுலியாய்போலேயில் மக்னோவுக்கு 2009இல் ஒரு சிலை வைத்தார்கள். 2022இல் அந்த ஊர் மறுபடியும் போர்முனை ஆனது. ஊரில் பெரும்பாலான வீடுகள் இடிந்துவிட்டன, மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.